விசாட் அப்லிங்க் விழுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஃபைபர் எட்டாத மலையூர் வங்கிக் கிளை, நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க், ஊர்க்கோடி ஏடிஎம், தேயிலைத் தோட்ட அலுவலகம் போன்ற இடங்களில் மொட்டைமாடியில் இன்னமும் ஒரு விசாட் டிஷ், அதாவது செயற்கைக்கோள் வழியாக டேட்டாவை அனுப்பிப் பெறும் டிஷ், நிற்கிறது. அங்கிருந்து வரும் புகார் பெரும்பாலும் இதுதான்: "சிக்னல் நல்லா இருக்கு சார், ஆனா லைன் வரல."

அந்தப் புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. ரிசீவ் சரியாக இருக்கிறது, கோளாறு அனுப்பும் பக்கத்தில். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நாம் அனுப்புவது (அதுதான் அப்லிங்க்) எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை டிஷ் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. எல்லா சைட்டுகளின் சிக்னலும் வந்துசேரும் மைய நிலையமான ஹப்பில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அது தெரியும். அதனால் அப்லிங்க் வேலையில் ஸ்பேனரைவிட போன் முக்கியம்.

இந்தக் குறிப்பு 1.2 அல்லது 1.8 மீட்டர் டிஷ், கேயூ பேண்ட் அலைவரிசை, 2 முதல் 4 வாட் வரையுள்ள பக் என்ற சாதாரண அமைப்புக்கானது. டிஷ்ஷுக்கு முன்னால் நீளும் கையின் முனையில் இருக்கும் வாய்தான் ஃபீட். ஃபீடின் பின்னால் துடுப்புத் துடுப்பாக இருக்கும் அலுமினியப் பெட்டிதான் பக்; 14 கிகாஹெர்ட்ஸில் சிக்னலை மேலே அனுப்புவது அது. எந்த அறிகுறியாக இருந்தாலும் பவரைக் கூட்டிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கக் கூடாது. நான் பார்த்த சைட்டுகளில் யாரோ அவசரத்துக்குக் கூட்டிவைத்த பவர் உண்மையான கோளாறை மறைத்து, அடுத்த மழைக்கு இன்னும் மோசமாக விழவைத்திருக்கிறது. எங்கே இழப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

## கை வைக்கும் முன்

மோடத்தின் வலைப்பக்கத்தைத் திறந்து ரிசீவ் தரம் (சில மோடத்தில் சி பை என், சிலவற்றில் எஸ்என்ஆர்), டிரான்ஸ்மிட் பவர், லைன் கடைசியாக விழுந்த நேரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சில மோடங்களில் பழைய பதிவு அழிந்துவிடும். ஆகவே முதலில் எழுத்து, அப்புறம்தான் ரீஸ்டார்ட்.

அடுத்து ஹப்புக்குப் பேசுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: "எங்கள் கேரியர் இப்போது என்ன அளவில் வருகிறது? சைட் போட்ட நாளில் என்ன அளவு?" (கேரியர் என்பது நாம் அனுப்பும் அலை.) இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை வைத்தே பாதி வழி போய்விடலாம். ஒன்றிரண்டு டிபி (டெசிபல், சிக்னல் அளவின் அலகு) குறைந்திருந்தால் டிஷ் சற்றே திரும்பியிருக்கும், அல்லது கனெக்டர் கெட்டிருக்கும். திடீரென்று ஆறு, எட்டு டிபி விழுந்திருந்தால் கேபிளுக்குள் தண்ணீர். எதுவுமே வரவில்லை என்றால் கரண்ட், செட்டிங், அல்லது பக்.

மேலே ஏறும்போது மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், எஃப் கனெக்டர்கள், கிரிம்பர், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும். காந்தம் எதற்கு என்பது இரண்டாவது அறிகுறியில் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபீடுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் கையையோ முகத்தையோ கொண்டுபோகும் முன் மோடத்தை அணையுங்கள். டிரான்ஸ்மிட் ஆகும்போது அந்த இடத்தில்தான் அலை அடர்த்தி அதிகம். மோடம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கவோ சொருகவோ வேண்டாம். நடுக்கம்பி உறையில் ஒருமுறை உரசினாலே மோடத்தின் பவர் பகுதி போய்விடலாம்.

## அறிகுறி 1: ரிசீவ் விளக்கு நிலையாக எரிகிறது, டிரான்ஸ்மிட் விளக்கு வரவே இல்லை

சமீபத்தில் மோடம் மாற்றினார்களா, ரீசெட் செய்தார்களா? ஆம் என்றால் மாடிக்கே போக வேண்டாம், செட்டிங்கைப் பாருங்கள். பக்குக்கு 24 வோல்ட் அனுப்புவதும் அது தன் அலைவரிசையைச் சரியாகப் பிடிக்க உதவும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் அனுப்புவதும் பல மோடங்களில் தனித்தனி செட்டிங். ரீசெட் ஆனதும் இரண்டும் அணைந்துவிடலாம். ரெஃபரன்ஸ் வராவிட்டால் பக் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்; கெட்டுப்போனதாகத் தோன்றும், கெட்டிருக்காது. பக்கின் லோக்கல் ஆசிலேட்டர் எண்ணையும் (மோடம் தரும் அலைவரிசையோடு பக் கூட்டிக்கொள்ளும் எண்) சரிபாருங்கள். 14.0 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் பக்குகளில் பொதுவாக 13.05 கிகாஹெர்ட்ஸ் இருக்கும், 13.75இல் தொடங்கும் வகைக்கு 12.8. பெட்டியின் லேபிளில் இருப்பதைப் பார்த்து அதையே போடுங்கள்.

அடுத்து இடக்குறி, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை. ஒரே கேரியரை நேரம் பிரித்துப் பல சைட்டுகள் பகிர்கின்றன. செயற்கைக்கோள் எவ்வளவு தூரம் என்பதை இந்த எண்களை வைத்துத்தான் மோடம் கணக்கிட்டு, தன் முறைக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி அனுப்புகிறது. வேறு மாவட்டத்திலிருந்து கழற்றி வந்த மோடத்தில் பழைய ஊரின் எண்ணே இருக்கும். 10 டிகிரி 30 நிமிடம் என்பதை 10.30 என்று போடுவதும் அடிக்கடி நடக்கிறது, 10.50 என்று போட வேண்டும். அந்த ஒரு பிழையில் இடம் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது.

எதையும் மாற்றவில்லையா? சைட் ஹப்பில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணம் தாமதமானதால் டிரான்ஸ்மிட்டை மட்டும் நிறுத்தியிருப்பார்கள்; ரிசீவ் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அதுவும் இல்லை என்றால் கேபிள். மோடத்தை அணைத்து, டிரான்ஸ்மிட் கேபிளைக் கழற்றி, மறுபடி மோடத்தைப் போட்டு அந்தப் போர்ட்டில் வோல்டேஜ் பாருங்கள். 24 வோல்ட் அளவில் வராவிட்டால் கோளாறு மோடத்தில். வந்தால், அணைத்து, கேபிளை மாட்டி, போட்டு, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு மாடிக்குப் போய் பக்கின் முதுகில் கை வையுங்கள். வெயில் இறங்கிய நேரமாக இருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் கரண்ட் போகிறது. ஜில்லென்று இருந்தால் கேபிளிலோ கனெக்டரிலோ அறுபட்டிருக்கிறது. எலி கடித்த கேபிளும், சுவரில் ஆணி அடித்தபோது நடுவில் குத்துப்பட்ட கேபிளும் இதில் வரும்.

நிறுத்த வேண்டிய இடம்: கேபிள் நல்லது, 24 வோல்ட் போகிறது, ரெஃபரன்ஸ் போட்டிருக்கிறது, பக் சூடாக இருக்கிறது, ஆனாலும் ஹப்பில் ஒன்றும் வரவில்லை என்றால் பக்கை மாற்ற வேண்டும். அதை நீங்களே மாற்றி மாட்டிவிட்டுப் போகக் கூடாது. பவரும் போலரைசேஷனும் (அலை அதிரும் திசை) ஹப்புடன் சேர்ந்து மறுபடி சோதிக்கப்பட வேண்டும். சேவை தரும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: சும்மா இருக்கும்போது லைன் இருக்கிறது, டேட்டா போகத் தொடங்கியதும் விழுகிறது

பணம் எடுக்க அட்டையைப் போட்டதும் ஏடிஎம் லைன் போய்விடும். அரை நிமிடத்தில் தானாகத் திரும்பும். மோடம்மீதுதான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காரணம் கேபிளில் இருக்கும்.

பக் அனுப்பத் தொடங்கும்போதுதான் அதிகக் கரண்டை இழுக்கிறது. நடுக்கம்பியில் தடை அதிகமிருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து பக் அணைந்துவிடும். அணைந்ததும் பாரம் குறையும், வோல்டேஜ் ஏறும், மறுபடி உயிர் வரும். பாரம் இல்லாதபோது அளந்தால் கெட்ட கேபிளிலும் 24 வோல்ட் அழகாகக் காட்டும். அதை நம்பி "கேபிள் ஓகே" என்று எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம்.

சரியான சோதனை ஓம். மோடத்தை அணைத்து, கேபிளின் இரு முனையையும் கழற்றி, மேல் முனையில் நடுக்கம்பியையும் உறையையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு, கீழே அளங்கள். முப்பது மீட்டர் நல்ல ஆர்ஜி-6 செம்புக் கேபிளில் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் வரும். நான்கு, ஐந்து என்று காட்டினால் அதுதான் காரணம்.

ஏன் அவ்வளவு வருகிறது? கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கலாம். வெட்டி வேறு கனெக்டர் போட்டுவிட்டு மறுபடி அளங்கள். குறையவில்லை என்றால் நடுக்கம்பியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகுக் கம்பி. கேபிள் டிவிக்கு அது போதும், பக்குக்குப் போதாது. யாரோ அவசரத்துக்கு உள்ளூர்க் கடையில் வாங்கி இழுத்திருப்பார்கள். முழுச் செம்பு நடுக்கம்பி உள்ள கேபிளை ஒரே நீளமாக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் போடுங்கள். தூரம் ஐம்பது மீட்டரைத் தாண்டினால் இன்னும் தடித்த ஆர்ஜி-11 போடுவது நல்லது.

டிரான்ஸ்மிட் ஆனதும் ரிசீவ் தரமும் சேர்ந்து விழுகிறதா? அப்படியானால் எல்என்பிக்கு (ஃபீடில் சிக்னலைப் பெறும் பெட்டி) முன்னால் இருக்கும் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நாம் அனுப்பும் சிக்னல் நம் ரிசீவருக்குள்ளேயே பாயாமல் தடுப்பது அதுதான். எல்என்பி மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது திருகு தளர்ந்திருக்கலாம்.

நிறுத்த வேண்டிய இடம்: கேபிள் மாற்றியும் தொடர்ந்தால் மோடத்தின் பவர் சப்ளை பாரம் தாங்கவில்லை. மோடத்தைத் திறக்க வேண்டாம், மாற்றுங்கள்.

## அறிகுறி 3: மழை வந்தால் விழுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். "மழைன்னா அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதி சைட்டுகளில் அது மழையின் குற்றமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி: மழை நின்றதும் திரும்புகிறதா, நின்ற பிறகும் மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கிறதா?

### 3அ: கனமழையில் மட்டும் விழுந்து, நின்ற சில நிமிடங்களில் திரும்புகிறது

இது மழைத் தேய்வு. 14 கிகாஹெர்ட்ஸில் மேலே போகும் சிக்னல், 11 கிகாஹெர்ட்ஸில் கீழே வருவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு டிபி இழக்கிறது. அதனால்தான் ரிசீவ் இருக்கும்போதே அப்லிங்க் முதலில் சாய்கிறது. இடிமழையில் சில நிமிடம் விழுவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் பக்கத்து ஊர் சைட் தாங்கும் மழையில் உங்களுடையது விழுந்தால் உங்களிடம் சிக்னல் கையிருப்பு குறைவு.

அந்தக் கையிருப்பைத் தெளிந்த வானத்தில் தேட வேண்டும். டிஷ் அரை டிகிரி தவறியிருந்தாலும் ரிசீவ் விளக்கு எரியும். ஆனால் அனுப்பும் கற்றை பெறும் கற்றையைவிட ஒடுக்கமானது, 1.2 மீட்டர் டிஷ்ஷில் அது ஒன்றேகால் டிகிரி அகலம்தான். ரிசீவில் ஒரு டிபி குறைய வைக்கும் தவறு, டிரான்ஸ்மிட்டில் ஒன்றரை டிபிக்கு மேல் தின்றுவிடும். எனவே நல்ல வெயில் நாளில் ரிசீவ் தரத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் ஹப்பிடம் டிரான்ஸ்மிட் அளவைக் கேட்டு நுணுக்கமாகத் திருத்துங்கள்.

சென்னையிலிருந்து 74 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட் கோள்களைப் பார்க்க, வடக்கிலிருந்து வலமாக ஏறக்குறைய 206 டிகிரி, உயரம் 73 டிகிரி. கன்னியாகுமரியில் உயரம் 80 டிகிரியைத் தொடும். கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே பார்ப்பதால் எதிர்வீட்டு மாடி மறைக்காது. டிஷ்ஷை ஒட்டி வைத்த தண்ணீர்த் தொட்டியும், பக்கத்தில் வளர்ந்து சாய்ந்த தென்னை மட்டையும் மறைக்கும். நனைந்த மட்டை காய்ந்ததைவிட அதிகம் மறைக்கும். வெட்டக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஹப்பில் மழைக்கேற்பப் பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும், மாடுலேஷனை (சிக்னலில் டேட்டாவை ஏற்றும் முறை) தானாக இறக்கும் வசதியும் உங்கள் சைட்டுக்கு இயங்குகிறதா என்றும் கேளுங்கள். இருந்தும் போடாமல் விட்ட சைட்டுகள் உண்டு.

### 3ஆ: மழை நின்ற பிறகும் தொடர்கிறது, வெயில் ஏறிய பிறகுதான் திரும்புகிறது

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

முதலில் ஃபீடின் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். வெயிலில் காய்ந்து முடியிழை அளவு விரிசல் விட்டிருந்தாலே ஈரம் நுழையும். குளவி மண்கூடு கட்டியிருக்கும், எறும்பு குடியேறியிருக்கும். மோடத்தை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, புது மூடி போடுங்கள். பாலித்தீன் பையைக் கட்டிவிட்டு வருவது தீர்வல்ல; அடுத்த மழையில் பையின்மேல் நிற்கும் நீர்ப்படலமே சிக்னலைக் குடித்துவிடும்.

அடுத்து பக்கில் சேரும் கனெக்டர். கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சையாக இருந்தால், உறைப்பின்னல் கறுத்திருந்தால், தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது. முனையை மட்டும் வெட்டினால் போதாது. பின்னல் பளிச்சென்று வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் முழுக் கேபிளும் மாற வேண்டும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் கனெக்டரைக் கெட்டுப்போகும் வரை காத்திருக்காமல், ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்பே மாற்றுங்கள். காசு அற்பம்.

புதிய கனெக்டர் மேல் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடி நீரை வெளியே தள்ளும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசின் உருகி அவிழ்ந்துவிடும். கேபிள் மேலே ஏறும் முன் ஒரு தொங்கல் வளைவு கொடுங்கள். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும்.

### 3இ: உங்கள் ஊரில் வெயில், ஆனாலும் விழுகிறது

ஹப் இருக்கும் நகரத்தில் மழை பெய்துகொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் பல மாவட்ட சைட்டுகள் சேர்ந்து விழுந்தால் அதுதான். டிஷ்ஷைத் தொடாதீர்கள். இந்த நேரத்தில் டிஷ்ஷைத் திருப்பி "சரிசெய்த" சைட்டுகளை மறுநாள் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

## அறிகுறி 4: நண்பகல் வேளையில் மட்டும் விழுகிறது

மார்ச் நடுவாக்கிலோ செப்டம்பர் கடைசியிலோ, தொடர்ந்து சில நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடம் மட்டும் ரிசீவ் விழுகிறதா? சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. செய்ய ஒன்றும் இல்லை, செய்யவும் கூடாது. ஹப் வடக்கே இருந்தால் அங்கே மார்ச்சில் சில நாள் முன்பாகவும், இலையுதிர்காலத்தில் சில நாள் பின்பாகவும் இது நடக்கும். அப்போது உங்கள் ரிசீவ் நன்றாக இருக்கும், நீங்கள் அனுப்புவது மட்டும் ஹப்பில் கேட்காது. ஹப்பிடம் அட்டவணை இருக்கும், கேட்டு வாங்கிக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கத்திரி வெயிலில் பன்னிரண்டு முதல் நான்கு வரை விழுகிறதா? சூடு. மோடம் இருக்கும் அறையில் ஏசி ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். மோடத்தின் மேல் யுபிஎஸ்ஸை ஏற்றி வைத்திருப்பதும், அதைப் பூட்டிய மரப்பெட்டிக்குள் அடைப்பதும் சாதாரணமாக நடக்கிறது. பிறகு பக்கின் துடுப்புகளில் பறவை எச்சமும் தூசியும் அடைந்திருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். சுத்தம் செய்த பிறகும் மத்தியானம் பவர் இறங்கினால் பக் வயதாகிவிட்டது.

## அறிகுறி 5: காற்றடித்தால் ஆடுகிறது

ஆடிக் காற்றில், அதுவும் ஆரல்வாய்மொழி பக்கம், இதைத் தவிர்க்க முடியாது. டிஷ் விளிம்பைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே ஒருவரை மோடத்தில் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறினால் எந்த போல்ட் என்று தேடுங்கள். ஸ்டாண்டின் அடி, உயரக் கோணத்தின் போல்ட், ஃபீடைத் தாங்கும் கை என்று மூன்றையும் பாருங்கள். இறுக்கும் முன் பழைய நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் துளையிடாமல் கல் பாரம் வைத்து நிறுத்திய ஸ்டாண்டாக இருந்தால், மாடியில் வேலை பார்த்தவர்கள் அந்தக் கற்களை எடுத்துப் போயிருக்கிறார்களா என்று எண்ணிப்பாருங்கள். குரங்கு ஏறும் ஊர்களில் ஃபீட் கைதான் முதலில் வளையும். வளைந்த கையை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்.

## அறிகுறி 6: லைன் இருக்கிறது, அனுப்புவது மட்டும் மந்தம்

பிங் 600 மில்லிசெகண்ட் அளவில் நிலையாக இருந்தால் அது இயல்பு. சிக்னல் போய்த் திரும்பும் தூரம் அப்படி. பாக்கெட் தொலைந்தால்தான் கோளாறு.

கிளையில் யாராவது கேமரா பதிவை இதே லைனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஹப்பை அழைத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பவரை ஒரு டிபி குறைக்கச் சொல்லுங்கள். ஹப்பில் அளவும் ஒரு டிபி குறைந்தால் பக் ஆரோக்கியமாக இருக்கிறது. குறையவே இல்லை, அல்லது தரம் மேம்படுகிறது என்றால் பக் ஏற்கெனவே அதன் எல்லையைத் தாண்டி ஓட்டப்படுகிறது. அந்த எல்லைக்கு மேல் கூட்டும் பவர் சிக்னலாகப் போகாமல் இரைச்சலாகச் சிதறி, பக்கத்து அலைவரிசைக்காரரையும் கெடுக்கும். பவரை இறக்கி, இழப்பு எங்கே என்று அறிகுறி 2இலும் 3இலும் தேடுங்கள்.

## அறிகுறி 7: "உங்கள் சைட் இடைஞ்சல் தருகிறது" என்று ஹப்பிலிருந்தே அழைப்பு

உடனே டிரான்ஸ்மிட்டை நிறுத்துங்கள். கிளையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி. உங்கள் ஒரு டிஷ் தவறாக அனுப்பினால் செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் மற்ற ஏடிஎம்களும் ஆஸ்பத்திரிகளும் விழும்.

பெரும்பாலும் ஃபீட் சுழன்றிருக்கும். சென்னையில் 74 டிகிரி கோளுக்கு ஃபீடின் சாய்வு 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அது மாறினால் சிக்னலின் ஒரு பகுதி எதிர் போலரைசேஷனில் கசியும். இதைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. ஹப் ஒரு தூய கேரியரைப் போடச் சொல்லி, ஃபீடைத் திருப்பச் சொல்லி, கசிவு முதன்மை சிக்னலைவிட 30 டிபி கீழே போகும் வரை அளக்கும். பயிற்சி உள்ளவர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி 8: இடி விழுந்த பிறகு எல்லாம் போய்விட்டது

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும் வரை மாடிக்குப் போகாதீர்கள். பிறகு யுபிஎஸ்ஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளங்கள். இரண்டு வோல்ட்டுக்கு மேல் இருந்தால், மோடம் மாற்றினாலும் அதுவும் போகும், முதலில் எர்த்திங். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடப்பதுதான் பல சைட்டுகளில் கதை. தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இறங்கினால் குழிக்கு உப்பும் கரியும் போட்டுப் புதுப்பிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இறங்காவிட்டால் புதுக் குழி வேண்டும். டிஷ் ஸ்டாண்டிலிருந்து எர்த்துக்குப் போகும் பட்டை இடையில் அறுந்திருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியான பிறகே புது மோடத்துக்கும் பக்குக்கும் சொல்லியனுப்புங்கள்.